மாடல் வீட்டுக்கு வயது கொடுக்கும் மை

நான் செய்து கொடுத்த முதல் மாடல் வீட்டை ஆச்சி ஒருவர் பத்து நிமிஷம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி வரைக்கும் விரல் வைத்து எண்ணினார். பிறகு சொன்னார்: “அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா நேத்துக் கட்டி முடிச்சுக் குடிபோற வீடு மாதிரி இருக்கே. நாங்க இருந்த வீடு இது இல்லையே.”

தேவகோட்டைப் பக்கத்தில் இருந்த அந்த வீடு பங்கு பிரிந்து, அடுத்த மாதம் இடிபட இருந்தது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். ஒரு மாடலாவது மிஞ்சட்டும் என்றுதான் காரைக்குடிக்கு என்னிடம் வந்தார்கள். நான் கட்டட வரைவாளனாக வேலை பார்த்தவன். அளவெடுப்பது, வரைவது, 1:50-இல், அதாவது நிஜ அளவில் ஐம்பதில் ஒரு பங்காக, அட்டை வெட்டி ஒட்டுவது எல்லாம் கைக்குப் பழகிய வேலை. 120 அடி நீள வீடு 73 செ.மீ. பலகைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். வராமல் போனது வீட்டின் வயது. அந்த மாடலைத் திரும்ப எடுத்துவந்து, மூன்று வாரம் மையோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மையைத் தண்ணீர் போல மெலிதாகக் கரைத்து மாடல் மேல் ஓடவிடுவதை ‘வாஷ்’ என்பார்கள். பெயர்தான் புதிது. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து, கீறிய மாத்திரத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியைக் குழைத்து ஓலை முழுக்கத் தடவித் துணியால் துடைத்தால், மேலே இருந்த கரி போய்விடும். கீறலுக்குள் இறங்கியது மட்டும் தங்கும். எழுத்து கறுப்பாக எழுந்து வரும். பிள்ளைகள் படிப்பைத் தொடங்கும்போது இதற்கு மையாடல் என்று ஒரு சடங்கே இருந்தது. மாடலில் நாம் செய்வதும் அதுதான்: பள்ளத்தில் மை தங்க வேண்டும், மேட்டில் தங்கக் கூடாது. ஓட்டு வரிசைக்கு நடுவில், கதவுச் சித்திரத்தின் இடுக்கில், தூணும் தரையும் சேரும் மூலையில் மை தங்கினால் அங்கெல்லாம் நிழல் விழுந்த மாதிரி இருக்கும். கண் அதை ஆழம் என்று எடுத்துக்கொள்ளும்.

எந்த மை, எதில் கரைப்பது

பேனா மை வேண்டாம். நான் முதலில் எடுத்தது அதைத்தான். அது சாயத்தால் ஆனது. காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரையும், வெயில் பட்டால் வெளுக்கும். கறுப்பு என்று வாங்கினாலும் உள்ளே இரண்டு மூன்று சாயங்கள் கலந்திருக்கலாம். ஒரு சொட்டை வடிதாளில் விட்டு, பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓரத்தில் ஊதாவும் நீலமும் பிரிந்து வந்தால் உங்கள் வெள்ளைச் சுவரிலும் அப்படியேதான் பிரியும்.

வேண்டியது வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க். கடையில் ‘இண்டியன் இங்க்’ என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அதன் கறுப்பு கரித்துகளிலிருந்து வருவது. வெயிலில் வெளுக்காது, காய்ந்துவிட்டால் தண்ணீருக்கும் அசையாது. கறுப்போடு பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா என்ற இரண்டு பிரவுன் அக்ரிலிக் இங்க்கும் வாங்கி வையுங்கள். தனிக் கறுப்பை நான் எங்கேயும் பூசுவதில்லை. நம் ஊர் வீட்டில் இருக்கும் அழுக்கு செம்மண்ணும் புகையும் எண்ணெயும் சேர்ந்தது. மாடலில் சுத்தக் கறுப்பை விட்டால் தீப்பிடித்து அணைந்த வீடு மாதிரி ஆகிவிடும். ஒரு பங்கு கறுப்புக்கு இரண்டு பங்கு அம்பர் என்பதே என் கணக்கு. கீழே ‘மை’ என்று நான் சொல்வதெல்லாம் இந்தக் கலவையைத்தான்.

கரைப்பதற்கு இரண்டு திரவம் வைத்திருக்கிறேன்.

முதலாவது மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால். நான் ஸ்பிரிட் என்று சொல்லிப் பழகிவிட்டேன். 100 மி.லி. ஸ்பிரிட்டுக்கு 20 சொட்டு மை விட்டால் மெலிசு, 40 சொட்டு விட்டால் திக்கு. 20 சொட்டு என்பது ஏறக்குறைய 1 மி.லி.தான். பாட்டிலில் பார்க்கும்போது கறுகறுவென்று இருக்கும். பூசிக் காய்ந்தால் பாதி நிறம்கூட நிற்காது. அதற்காக மையைக் கூட்டாதீர்கள். மேலே இன்னொரு பூச்சு, அதாவது இரண்டாவது கை, கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் கொடுத்ததை எடுக்க முடியாது. சில மை ஸ்பிரிட்டில் விட்டவுடன் பால் திரிவது மாதிரித் திரியும். அதனால் முதலில் ஒரு கரண்டியில் கலந்து பார்த்துவிட்டுப் பாட்டிலில் ஊற்றுங்கள். ஹேண்ட் சானிடைசர் இதற்கு ஆகாது. அதில் இருக்கும் கிளிசரின் காயாமல் பிசுபிசுக்கும். இன்னொன்று, ஸ்பிரிட் பட்டென்று தீப்பற்றும். சாமி விளக்கு எரியும் அறையிலோ ஊதுபத்தி பக்கத்திலோ இந்த வேலை வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இரண்டாவது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீரில் உப்பு இருந்தால் காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்து நிற்கும். 30 மி.லி. தண்ணீருக்கு 10 சொட்டு மை, அதோடு பல்குச்சி நுனியில் தொட்டெடுத்த பாத்திரம் கழுவும் லிக்விட். தண்ணீர் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு முத்து முத்தாக நிற்கும் குணமுள்ளது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே உருளும். சோப்பு அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. ஸ்பிரிட்டுக்கு அந்தப் பிடி இயல்பிலேயே குறைவு, அதனால் சோப்பு தேவையில்லை. சோப்பு கூடினால் நுரை வரும். ஒவ்வொரு நுரைக்குமிழியும் காய்ந்து ஒரு வட்டமாக நிற்கும்.

எங்கே எது என்பதற்கு ஒரே விதிதான். அக்ரிலிக் பெயின்ட் மேல் தண்ணீர்க் கலவை. எண்ணெய் பெயின்டான எனாமல் மேலும், பெயின்ட் பூசாத அட்டை, மரம் மேலும் ஸ்பிரிட் கலவை. இந்த விதி எனக்கு ஒரு முகப்பையே விலையாக வாங்கிக்கொண்டு வந்தது. அக்ரிலிக் பூசி மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஸ்பிரிட் கலவையை எடுத்துக் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தேன். மூன்றாவது தேய்ப்பில் சுவரின் வெள்ளை பால் ஆடை மாதிரிச் சுருண்டு பிரஷ்ஷோடு வந்துவிட்டது. ஸ்பிரிட் அக்ரிலிக்கை இளக்கும் என்று அன்று தெரியாது. அட்டை தெரிய நின்ற அந்த முகப்பைப் பிய்த்தெடுத்துப் புதிதாகச் செய்தேன். எட்டு நாள் போயிற்று. அரக்கு பாலிஷ் போட்ட மரத்துக்கும் இதே ஆபத்து உண்டு. அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தானே.

கூரை

இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். தப்பு நடந்தாலும் தெரியாத இடம் கூரை. பலன் உடனே தெரிவதும் அங்கேதான்.

நாட்டு ஓட்டுக்கு நான் பல்பு அட்டைப்பெட்டியின் சன்ன நெளி அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றின் மேல் ஒன்று ஏற ஒட்டுகிறேன். அதன் மேல் கிரில் கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்ஸைடு ப்ரைமர். ஓட்டு நிறம் அப்படியே வந்துவிடும், பளபளப்பும் இருக்காது. இரண்டு நாள் நன்றாகக் காயட்டும். நெளி அட்டைக்குத் தண்ணீர் ஆகாது, உப்பிவிடும். அதனால் இங்கே ஸ்பிரிட் கலவை.

மாடலின் அடியில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துக் கூரையை நிஜத்தில் இருக்கும் சரிவுக்குச் சாய்த்து வையுங்கள். 6-ஆம் நம்பர் பிரஷ்ஷில் மெலிசுக் கலவையைத் தாராளமாக எடுத்து, மேல் வரிசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தேய்க்க வேண்டாம். மை தானே இறங்கும். முதல் ஓட்டுப் பள்ளத்தில் ஓடி, அடுத்த வரிசை தொடங்கும் படியில் ஒரு நொடி தயங்கும். அங்கே கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்து, நிரம்பி, அடுத்த படிக்கு வழியும். கூரை விளிம்புக்கு வரும்போது ஒவ்வொரு பள்ளத்தின் நுனியிலும் ஒரு சொட்டு தொங்கும். நிஜ மழைத் தண்ணீரும் அப்படியேதான் போகிறது. அழுக்கும் அதே வழியில்தான் வந்து சேருகிறது. தொங்கும் சொட்டை வடிதாளால் தொட்டு எடுத்துவிடுங்கள். விட்டால் விளிம்பில் கறுப்புக் கரை கட்டும்.

ஸ்பிரிட் ஐந்து நிமிஷத்தில் பறந்துவிடும். ஆனாலும் அரை மணி பொறுங்கள். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் வைத்தால் வளையக் கறை விழும். ஓரம் முதலில் காய்வதால் நடுவில் இருக்கும் மைத்துகளெல்லாம் ஓரத்துக்கு இழுபட்டுக் கோடாக நிற்பதுதான் அந்த வளையம். டீ சிந்திய மேஜையில் பார்த்திருப்பீர்கள். எந்தப் பரப்பானாலும் மூலையிலிருந்து மூலைவரை ஒரே மூச்சில் முடித்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

இரண்டாவது கையில் திக்குக் கலவை, எல்லா இடத்திலும் இல்லை. இரண்டு கூரை சேரும் ஓடையில் வையுங்கள். வேப்பமரம் கவிந்திருக்கும் பக்கத்தில் வையுங்கள். இலை விழுந்து மக்கும் இடம் அது. அடுப்படிக்கு மேலே இருக்கும் நாலைந்து வரிசையில் தனிக் கறுப்பைக்கூட ஒரு சொட்டு கலந்துகொள்ளலாம். விறகுப் புகை ஏறிய ஓடு அது. கடைசியாக, பழுது பார்த்தபோது மாற்றிய ஓடுகள் என்று பத்துப் பதினைந்தை அங்கங்கே பட்ஸில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வெளிறவிடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஓடு மாற்றாத வீடு செட்டிநாட்டில் ஏது?

சுவர்

பழைய செட்டிநாட்டு வீட்டில் இரண்டு விதச் சுவர் உண்டு. உள்ளே வளவைச் சுற்றி இருப்பது சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. நூறு வருஷத்துச் சுவரும் முகம் பார்க்கிற மாதிரி வழவழவென்று நிற்கும். அதன் மேல் வாஷ் விடாதீர்கள். அழுக்கு பிடிக்காமல் இருப்பதுதான் அந்தப் பூச்சின் பெருமை. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் 0 நம்பர் பிரஷ்ஷால் ஒரு மயிரிழை, போதும்.

வெளிச்சுவர் வேறு. அதற்கு முதலில் மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. நான் அளவெடுத்த வீடுகளில் பெரும்பாலும் வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும்தான் பாசி கறுத்து நிற்கின்றன. மேற்குச் சுவர் வெயிலில் காய்ந்து வெளிறிக் கிடக்கிறது. மாடலில் நாலு சுவரையும் ஒரே மாதிரிக் கறுப்பாக்கினால், அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும். என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியாது.

வெள்ளை அக்ரிலிக் காய ஒரு நாள் முழுதாகக் கொடுத்து, அதன் மேல் ஒரு கை கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ். இது ஏன் என்றால், சொரசொரப்பான மேட் (பளபளப்பில்லாத) பரப்பு மையை விழுந்த இடத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும், சுவர் முழுக்கக் கறை ஆகிவிடும். கிளாஸ் மேல் மை வழுக்கிக்கொண்டு போய் இடுக்கில் தங்கும். தப்பாக விழுந்ததைக் காய்வதற்குள் ஈரப் பட்ஸால் துடைக்கவும் முடியும். வார்னிஷ் காய்ந்ததும் தண்ணீர்க் கலவையில் 1-ஆம் நம்பர் பிரஷ்ஷை நனைத்து, துணியில் ஒற்றி, சுவர் உச்சியில் வளைந்து நீட்டும் கபோதத்தின் அடியில், சுதைப் பொம்மைகளின் காலடியில், ஜன்னலுக்கு மேலே நீட்டிய தளத்தின் இரண்டு முனையில் புள்ளி வையுங்கள். புள்ளி ஈரமாக இருக்கும்போதே, வெறும் தண்ணீரில் நனைத்த இன்னொரு பிரஷ்ஷால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. மேலே அடர்த்தியாகத் தொடங்கிக் கீழே ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று பாதியில் நின்றது என்று இருக்கட்டும்.

ஜன்னல் கம்பிக்குக் கீழே துரு வழிந்த தடம் பர்ன்ட் சியன்னாவில், ஜன்னலின் அடிமூலை இரண்டிலிருந்தும். மில்லிமீட்டர் அகலம்கூட வேண்டாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம்: சுவரடி. மண் தரையில் மழை அடித்தால் செம்மண் தெறித்துச் சுவரின் கீழ் ஒன்றரை அடி சிவந்துவிடும். 1:50-இல் அது 9 மி.மீ. இதற்கு மை வேண்டாம், மண்ணையே எடுங்கள். அளவெடுக்கப் போகும்போது அந்த வீட்டு வாசலிலிருந்தே ஒரு பிடி மண் எடுத்துவருவேன். அதைக் காயவைத்து, இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தால் கீழே விழுவது பவுடர் மாதிரி இருக்கும். ஒரு சிட்டிகை மண்ணுக்கு இரண்டு கரண்டி தண்ணீர், நாலு சொட்டு ஃபெவிகால். பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு, சுவரடியைப் பார்த்து விரலால் நார்களைச் சுண்டிவிடுங்கள். நிஜமாகவே தெறிக்கும். மேலே போகும் தெறிப்பை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்ஸைடு. எத்தனை வருஷமானாலும் வெளுக்காது.

நிலைக்கதவு

நிலையை மட்டும் தனியாக 1:24-இல் செய்து தரச் சொல்கிறவர்கள் உண்டு. ஏழடிக் கதவு மூன்றரை அங்குலத்தில் வரும். மேலே கஜலட்சுமி, பக்கத்தில் கிளி, யாளி, கொடி என்று மி.மீ. கணக்கில் சித்திரம். நான் எம்-சீலை அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டுகிறேன். தேக்கு நிறத்தில் எனாமல், அதன் மேல் திக்கு ஸ்பிரிட் கலவை முழுக்க. ஒரு நிமிஷம் பொறுத்து, விரலில் பழைய பனியன் துணியைச் சுற்றி மேட்டை மட்டும் துடையுங்கள். துணியை ஈரமாக்க வேண்டாம். கிளியின் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்போது நிறுத்திவிடுங்கள்.

அதன்பின் மேட்டுக்கு வெளிச்சம். தேக்கு நிறத்தில் கொஞ்சம் மஞ்சள் காவி கலந்து பிரஷ்ஷில் எடுத்து, காகிதத்தில் இழுத்து இழுத்துத் துடையுங்கள். இனி காகிதத்தில் ஒன்றும் ஒட்டவில்லை என்கிற நிலையில், சித்திரத்தின் மேல் இறகால் தடவுவது மாதிரி நாலு தரம். லட்சுமியின் மூக்கு, யானைத் துதிக்கை, கொடியின் வளைவு என்று எது நீட்டிக்கொண்டிருக்கிறதோ அது மட்டும் நிறம் வாங்கும். நிஜக் கதவிலும் கை பட்டுப் பட்டுத் தேய்ந்து மினுங்கும் இடங்கள் அவைதான்.

நிலைப்படியில் வெள்ளிக்கிழமை தோறும் பூசிய மஞ்சளுக்கு நிஜ மஞ்சளைப் பூசாதீர்கள்; வெளிச்சத்தில் சில மாதத்திலேயே போய்விடும். மஞ்சள் காவியில் மெலிசு வாஷ் நாலு தரம், நடுவில் காயவிட்டு.

பின்கட்டுக் கதவு, மாட்டுக் கொட்டகைத் தூண் மாதிரி எண்ணெயே காணாமல் நரைத்த மரத்துக்குக் கடுக்காய் இருக்கிறது. ஒரு கரண்டி கடுக்காய்ப் பொடியை 100 மி.லி. வெந்நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். இன்னொரு பாட்டிலில் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் நாலு நாள் போட்டு வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். உள்ளே வாயு உண்டாகும். பால்சா மரத்தில் கடுக்காய்த் தண்ணீரைப் பூசிக் காயவிட்டு, ஆணித் தண்ணீரை ஐந்து பங்கு தண்ணீர் விட்டு மெலிதாக்கி மேலே பூசினால், கண்ணெதிரே மரம் சாம்பல் நிறமாகி, மெல்லக் கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மரத்துக்குள்ளேயே மை உண்டாகிறது. தேக்கில் துவர்ப்பு இயல்பாகவே உண்டு, அதற்கு ஆணித் தண்ணீர் மட்டுமே போதும்.

தரை

ஆத்தங்குடிக் கல் என்கிற தரை டைல்ஸ் நடக்க நடக்கப் பளபளக்கும். அதனால் நிலையிலிருந்து வளவு வரை ஆள் நடக்கும் வழியில் வாஷ் கிடையாது. கிளாஸ் வார்னிஷ் மட்டும். சுவரோரத்து இரண்டு வரிசையில் கல் இணைப்புகளுக்குள் மெலிசுத் தண்ணீர்க் கலவை.

வாசலில் நிறுத்தும் கார், லாரியைப் பிளாஸ்டிக் கிட்டில் செய்கிறவர்களுக்கும் இதே முறைதான்: கிளாஸ் பூசி, கதவுக் கோட்டில் பிரஷ் நுனியைத் தொட்டால் மை தானே கோடு முழுக்க ஓடும்.

எல்லாம் முடிந்து இரண்டு நாள் காய்ந்தபின், வெளிச்சுவருக்கும் கூரைக்கும் மேட் வார்னிஷ். மேட் வார்னிஷ் போட்ட பிறகு ஸ்பிரிட் கலவை பக்கமே போகாதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படி ஆகிவிட்டால் மேலே ஒரு கை கிளாஸ் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். காய்ந்ததும் திரும்ப மேட்.

அந்த ஆச்சியின் மாடலை மூன்று வாரம் கழித்து எடுத்துப் போனேன். இந்தத் தடவை வளவுக்குள் குனிந்து, கிழக்குத் தாழ்வாரத்தில் மூன்றாவது தூணைக் காட்டினார். “இதுலதான் எங்க அப்பத்தா சாஞ்சு உக்காந்திருப்பாக. தலை பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிக் கறுத்துக் கிடக்கும்” என்றார். பையில் அம்பர் இருந்தது. உட்கார்ந்த ஆளின் தலை உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி. 1:50-இல் 17 மி.மீ. அங்கே 0 நம்பர் பிரஷ்ஷால் ஒரு புள்ளி வைத்து, ஓரத்தை ஈர விரலால் கலைத்து, காய்ந்ததும் அந்த இடத்தில் மட்டும் கிளாஸ் தொட்டுவிட்டேன். ஆச்சி மாடலைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அடுத்த தூணில் என்ன இருந்தது என்று சொல்லத் தொடங்கினார். நான் பிரஷ்ஷைக் கழுவாமல் கையிலேயே வைத்திருந்தேன்.